இடிந்துகொண்டே இருந்த பாலம்

“முதலாளி, பாலம் விழுந்துருச்சாம்!”

கடைப் பையன் கருப்பு வாசலில் நின்று கத்தியதும் வத்தல் வாங்க வந்திருந்த வியாபாரிகள் பதறி எழுந்தார்கள். கடை இருந்த சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பாலம் கூப்பிடு தூரம். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடவே ஆரம்பித்துவிட்டார்.

“அந்தப் பாலம் இல்லண்ணே, நில்லுங்க!” என்று மண்டிக்காரர் சேக் இஸ்மாயில் சங்கடத்தோடு கூவினார். “எங்க வீட்டுப் பாலம்.”

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய வருஷம் அது. இஸ்மாயிலின் ஏழு வயது மகள் சபியா விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்திருந்தாள். பொங்கல் கழியும்வரை பள்ளிக்கூடம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பாடம் சொன்ன சீனியம்மாள் டீச்சர், “சிலேட்டையே பாத்துக்கிட்டிருந்தா பிள்ளை சோந்துபோகும் பாய். அடுக்கிக் கட்டுற விளையாட்டுச் சாமான் ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. கணக்கும் வரும், கையும் தேறும்” என்றார்.

மிளகாய் வத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கியே தரம் சொல்லும் இஸ்மாயிலுக்கு விளையாட்டுச் சாமானில் எது நல்லது என்று தெரியவில்லை. புதுமண்டபத்துக் கடைகளில் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்து, சாயம் பூசிய மரக்கட்டைகளை வாங்கிவந்தார். மறுநாள் காலை அத்தாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்து ஒரு பாலம் கட்டினார்கள். காய்ச்சலுக்குப் பிறகு சபியா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பாலம்தான் இப்போது விழுந்திருந்தது.

“பிள்ளை மனசு ஒடஞ்சுபோயிருமே!” என்று வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜட்கா பிடித்து ஓடினார். வீட்டில் கட்டைகள் சிதறிக் கிடந்தன. சபியா பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி விழுந்துச்சுன்னே தெரியலைங்க” என்றாள் மனைவி சபுரா. “வந்ததுதான் வந்தீங்க, மீன் ஆணத்தை இப்பத்தான் எறக்குனேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

கல்யாணமான நாளிலிருந்து மத்தியானச் சோற்றை வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து, கருப்பு கொண்டுவரும் தூக்குவாளியிலேயே தின்று பழகியவர் இஸ்மாயில். ஆவி பறக்கும் சோறும் மீன் குழம்பும் வியர்க்க வைத்தன. சாப்பிட்டு, பாலத்தை மறுபடி கட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

மறுநாளும் விழுந்தது. அன்றும் ஓடிவந்து, சாப்பிட்டு, கட்டிவிட்டுப் போனார்.

வீட்டுப் பூனைமேல் சந்தேகம் வந்தது. சாக்கில் பிடித்துப்போட்டு, கீழக்குயில்குடியில் தெரிந்தவர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பாலம் விழுவது நிற்கவில்லை. எலிகள் மட்டும் வந்து சேர்ந்து இஸ்மாயிலின் பெருநாள் சட்டையைக் கடித்து வைத்தன.

கட்டை கனமில்லாததுதான் கோளாறு என்று ஆசாரியிடம் போனார்.

“எம்புட்டுக் கனமா வேணும் பாய்?”

“யானை முட்டுனாலும் அசையக் கூடாது.”

ஆசாரி தேக்கில் செங்கல் செங்கலாக அறுத்துக் கொடுத்தார். அதுவும் மத்தியானத்துக்குள் விழுந்தது. திரும்ப எடுத்து அடுக்கும்போது ஒரு கட்டை இஸ்மாயிலின் கால் பெருவிரலில் இறங்கியது. நொண்டிக்கொண்டே கடைக்குத் திரும்பினால், அவருடைய வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடை முத்துக்கருப்பனிடம் மூட்டை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மாப்ள, பாலத்து மேல ரயில் விட்டாச்சா?” என்றார் முத்துக்கருப்பன்.

அந்த ரோஷத்தில்தான் இஸ்மாயில் மேலமாசி வீதிக்குப் போய்ச் சீமை விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். உள்ளே ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், குட்டிக் குட்டித் திருகாணிகள், முடுக்க ஒரு ஸ்பேனர். யுத்தத்தால் கப்பல் வரத்து குறைந்துபோய், கடையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெட்டிதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, மகளோடு உட்கார்ந்து முடுக்கு முடுக்கென்று முடுக்கினார். தூக்கி உலுக்கிப் பார்த்தார். ஒரு பட்டை ஆடவில்லை.

“இனி யார் தள்ளுனாலும் விழாது” என்றார் பெருமையாக.

சபுரா பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “ஆமா, கெட்டியாத்தான் இருக்கு” என்றாள்.

மறுநாள் பாலம் விழுந்ததென்று சொல்லக் கடைக்கு ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வியாபாரம் பழையபடி சூடு பிடித்தது. இஸ்மாயில் மூட்டைமேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. மூக்கில் வத்தல் நெடி ஏறியது. இரண்டு வாய் தின்றுவிட்டு, வாசலைப் பார்த்தார்.

“என்னண்ணே, யாரும் வாராகளா?” என்று வியாபாரி ஒருவர் கேட்டார்.

“இல்ல, சும்மா” என்றார்.

இப்படியே சில நாள் போனது. ஒரு மத்தியானம் தூக்குவாளி இல்லாமல், வெறுங்கையோடு வந்து நின்றான் கருப்பு.

“முதலாளி…”

“விழுந்துருச்சா?” என்று துள்ளி எழுந்த இஸ்மாயிலின் முகத்தில் கவலை இருந்ததாகக் கருப்புக்குத் தெரியவில்லை.

வீட்டில் இரும்புப் பாலம் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடந்தது. திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் பத்திரமாக இருந்தன. அடுப்படியில் மீன் பொரியும் சத்தம். இஸ்மாயில் மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

“அத்தாகிட்ட உண்மையைச் சொல்லணும். தினமும் பாலத்தை இடிக்கிறது நீதானே?”

“நான் ஏன் இடிக்கிறேன்?” சபியா அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்தாள். “கட்டைன்னா அம்மா ஒரே தள்ளுல தள்ளிரும். இந்தத் திருகாணியக் கழட்டப் பழகத்தான், பாவம், அதுக்கு இம்புட்டு நாளாச்சு.”