தண்ணீர் விட்டால் இறுகுகிற சோப்பு

இரணியல்,
12-2-1952

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் ஞானதாசனுக்கு, அஞ்சல் மாஸ்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வைக் கண்ணால் காணாத உன் அத்தான் நேசையன் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே நானும் உன் அக்காள் ஜெபமணியும் பசுவும் ஒருவாறு இருக்கிறோம். சென்னையில் உன் சரீர சுகத்துக்காகவும் பரீட்சைக்காகவும் ஜெபிக்கிறோம்.

உன் அக்காளுக்குக் கண்ணில் சிறு காயம். பதறாதே. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். கட்டிலருகே முக்காலியில் இருந்து எழுதுகிறேன். என் கடிதம் எதுவானாலும் அவள் வாசித்துப் பிழை திருத்தின பிறகுதான் தபாலுக்குப் போகும் என்பது உனக்குத் தெரியும். இன்று அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். "தம்பிக்குப் பரீட்சையாக்கும். பேடிச்சு ஓடி வந்திருவான். ஒண்ணுமில்லண்ணு எழுதுங்க" என்கிறாள். ஒன்றுமில்லை.

நடந்ததைக் கேள். கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ மேசையில் தீக்குச்சிகளைப் பரப்பி, சோப்பின் ஒவ்வொரு நுண்துகளும் இப்படி ஒரு குச்சிதான், மருந்து முனை தண்ணீரை நாடும், மறுமுனையான வால் தண்ணீரைக் கண்டால் ஒளியும் என்றாய். தண்ணீர் தாராளமாக இருந்தால் வால்களை உள்ளே மடக்கி உருண்டை உருண்டையாகக் கூடும். குறைந்தால் நீளக் கோல்களாகி, அடுக்கின விறகுபோல நெருங்கி இறுகும். இன்னும் குறைந்தால் தகடு தகடாகப் படிந்து ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அப்போது இளகும் என்றாய். எல்லாம் விளங்கிற்று. மறுநாளே சபையாருக்கும் விளக்கிச் சொன்னேன். பிறகு தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கிப் பெரிய உருளியில் காய்ச்சினேன். சோப்பு தேன்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அச்சில் ஊற்ற இன்னும் சற்று இளகட்டும் என்று ஒரு செம்புத் தண்ணீர் விட்டேன். இறுகிற்று. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணாச்சி, கஞ்சி இறுகினா வெள்ளம் விடமாட்டமா? இன்னும் விடுங்க" என்றான். விட்டேன். துடுப்பு நட்டுக்குத்தலாக நின்றது. அதைப் பிடித்துத் தூக்கினால் உருளியும் கூட வந்தது. "அம்மையாணை, இது சோப்பில்ல, சுவராக்கும்" என்று தங்கப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். தகடாக வழுக்கினதைத் தண்ணீர் விட்டுக் கோலாக்கி இறுக்குகிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தாலல்லவா? ஆயுசு முழுக்கக் கஞ்சி குடித்தவன் கை, கஞ்சிக்குச் செய்வதைத்தான் செய்தது. சூட்டில் இளகும் என்று விறகைத் தள்ளினேன். "நீங்க மாறுங்க, நான் கிண்டுகேன்" என்று உன் அக்காள் குனிந்தாள். அடியில் அடைபட்டிருந்த ஆவி அவள் துடுப்பை அசைத்ததும் வெடித்துக் கிளம்பியது. சோடாக் காரத்தோடு அந்தக் குழம்பு அவள் முகத்தில் விழுந்தது. கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ அது கையில் வழுவழுத்ததே தவிரப் போகவில்லை. ஞானதாசா, அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

இப்போது வலி குறைந்திருக்கிறது. உருளி முற்றத்தில் துடுப்போடு நிற்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு கட்டை அவிழ்ப்பார்களாம். அன்று சாயங்காலமே உனக்குத் தன் கையால் எழுதுவாளாம். "அத்தான் எழுதினதுல பிழை எத்தரைண்ணு அப்பம் சொல்லுகேன்" என்று எழுதச் சொல்கிறாள். நீ வரவேண்டாம், பரீட்சையை நன்றாக எழுது. கர்த்தர் உன் படிப்பையும் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்புள்ள அத்தான்,
நேசையன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முழுவதும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். சிரித்தாள். இதை வராந்தாவில் நின்று எழுதுகிறேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இரண்டு கண்ணும் போய்விட்டது, இனி திரும்பாது என்றார். அவளுக்குத் தெரியாது. பரீட்சை கிடக்கட்டும், கட்டை அவிழ்க்கும் முன் வந்து சேர். ஏன் இன்னும் இருட்டாக இருக்கிறது என்று அவள் கேட்கும்போது என்னால் தனியாக நிற்க முடியாது.