பௌர்ணமிப் பத்தியம்

தனக்கு மனசு சரியில்லை என்று படித்தவர் ஒருவர் வாயால் சொல்லவைப்பதற்காக ஆதிமூலம் அரைநாள் லீவு போட்டார்.

அவசரம் இருந்தது. சித்ரா பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

திருவண்ணாமலையில் வீடு கட்டியவனுக்கு மாதம் ஒரு கல்யாணம். வேங்கிக்காலில் மனை வாங்கும்போது, கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம் என்று மட்டும்தான் ஆதிமூலம் கணக்குப் போட்டார். வேலூர் ரோட்டில் வருகிறவர்கள் ஊருக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ள அது வசதியான இடம் என்பதை மனைவி உண்ணாமலையின் சொந்தங்கள் கண்டுபிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து அவள் தம்பி பிரகாஷ் குடும்பம், ஆரணியிலிருந்து சித்தி குடும்பம், செய்யாற்றிலிருந்து என்ன உறவு என்று ஆதிமூலத்துக்கு இன்றுவரை பிடிபடாத ஒரு குடும்பம். கிழவர்களையும் குழந்தைகளையும் மொட்டைமாடியில் படுக்கவைத்துவிட்டு ராத்திரி கிரிவலம் போவார்கள். விடிந்ததும் வந்து விழுவார்கள். சுற்றுவது அவர்கள், புண்ணியமும் அவர்களுக்கு. தைலம் தடவிய கால்கள் மட்டும் மத்தியானம்வரை ஆதிமூலத்தின் கட்டிலில் கிடக்கும். அவருக்குக் கிரைண்டர் பக்கத்தில் ஒரு பாய்.

இத்தனைக்கும் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு பௌர்ணமி அன்று, சொந்த மொட்டைமாடியில், ஒரு நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்து மலையைப் பார்க்க வேண்டும். கடல் தாண்டி வந்தவனெல்லாம் பார்க்கிறான். லோன் கட்டுகிறவன் பார்க்கக் கூடாதா? இப்படி நினைத்த மறுநிமிடமே, விருந்தாளி வந்தால் முகம் சுளிக்கிற அற்பனாகிவிட்டோமோ என்று மனசு குடையும். வளர்பிறை தொடங்கினாலே நெஞ்சு படபடக்கும். இது பொய்யில்லை.

மனைவியிடம் சொல்லிப் பார்க்காமலும் இல்லை.

"இந்த மாசம் பௌர்ணமிக்கு..." என்று ஆரம்பித்தார் ஒருநாள்.

"பௌர்ணமிக்கு இன்னா?" என்று உண்ணாமலை திரும்பினாள். கையில் கரண்டி இருந்தது.

"பால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிடு."

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று, உண்ணாமலை வீட்டில் இருந்த வெல்லத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். புருஷன் சொன்னால் பேச்சு, டாக்டர் சொன்னால் சட்டம். சர்க்கரைக்காரன் இனிப்பைத் தொடக் கூடாது. கொழுப்புக்காரன் எண்ணெயைத் தொடக் கூடாது. அப்படியானால் கூட்டத்துக்குப் பயப்படுகிறவன்? வீட்டில் கூட்டமே கூடாது. பத்தியம் தானாக வந்து வாசலில் நிற்கும்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, வெள்ளைக்காரர்கள் எலுமிச்சை டீ குடிக்கும் ஒரு கடைக்கு மாடியில் மனநல ஆலோசகர் ஆர்த்தி இருந்தாள். மனசு சரியில்லை என்று உலகமே இந்த ஊருக்கு வருகிறது. உள்ளூர்க்காரன் அதே காரணத்துக்கு மாடி ஏறினால் மட்டும் ஊர் பேசும். ஆதிமூலம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் கழற்ற மறந்துவிட்டார்.

"முதல்ல இதைக் கழட்டிடலாம் சார்" என்றாள் ஆர்த்தி. அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"மாத்திரை குடுப்பீங்களா மேடம்?"

"மாத்திரை கிடையாது. இங்க பேச்சுதான் வைத்தியம்."

"பேச்சா? அது வீட்லயே ஜாஸ்தியா கெடைக்குதே."

அவள் சிரித்துவிட்டு, என்ன பிரச்சனை என்று கேட்டாள். கூட்டம் என்றால் பயம், படபடப்பு, தூக்கம் போய்விடுகிறது என்றார் ஆதிமூலம்.

"பஸ்ல வருமா?"

"பஸ்ல வராது."

"கோயில்ல?"

"அங்க சாமி இருக்குது. ஒண்ணும் பண்ணாது."

"ஆபீஸ்ல ஜனங்க மனு குடுக்க வருவாங்களே?"

"அவங்க சாயங்காலம் போயிடுவாங்க."

"அப்போ எங்கதான் சார் பயம் வருது?"

"வீட்ல."

"யாரைப் பார்த்தா?"

ஆதிமூலம் யோசித்தார். "பொதுவா... சொந்தக்காரங்க மாதிரி இருக்கறவங்களப் பார்த்தா."

ஆர்த்தி பேனாவை மூடிவைத்தாள். "இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. மனசுல வேற ஏதாவது இருந்தா சொல்லலாம் சார்."

நாக்கு நுனிவரை வந்தது. மச்சினன் குடும்பத்துக்குச் சோறு போடக் கசக்கிறதா என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்? விழுங்கிவிட்டார். "வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"சரி. அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இதுக்கு அவங்க ஒத்துழைப்பு முக்கியம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆதிமூலம் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார். ஹெல்மெட்டை மாடியிலேயே விட்டுவிட்டதால் திரும்ப ஏற வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் உண்ணாமலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஆர்த்தி எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா. இவருக்குக் கூட்டம்னா பயம்னு கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

உண்ணாமலை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆதிமூலம் காலண்டரைப் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றாள். "பாவம், ரொம்ப பயப்படுவாரு. வெளிய காட்டிக்கவே மாட்டாரு."

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம்.

"அப்ப ஜனங்கள கம்மி பண்ணிடணும், இல்லீங்களா மேடம்?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"அந்தத் தப்பை மட்டும் பண்ணவே கூடாது சார். பயந்து ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் வளரும். கொஞ்சம் கொஞ்சமா அதுக்கிட்ட போய்ப் பழகணும். முதல்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. படபடப்பு அடங்கற வரைக்கும் எழுந்து போகாம அவங்களோட உட்காரணும். பழகினதும் நாலு பேரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் பேரு. வீட்லயே ஆரம்பிச்சா நல்லது." அவள் உண்ணாமலை பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்கு வந்து போக யாராவது இருக்காங்களாம்மா?"

"கூப்ட்டா வருவாங்க மேடம்" என்றாள் உண்ணாமலை அடக்கமாக.

வைத்தியம் அந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கியது. அதுவரை பௌர்ணமிக்கு மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் அமாவாசைக்கும் வந்தார்கள். முதலில் பிரகாஷும் பெண்டாட்டியும். ஹாலில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாமா, பயப்படாதீங்க. நான்தான், பிரகாஷ்."

"தெரியுது மாப்ள."

"நல்லா மூச்சு இழுத்து விடுங்க மாமா."

"விட்டுட்டுதான் இருக்கேன்."

"எழுந்து போகக் கூடாதாம். அக்கா சொல்லிச்சு."

"பாத்ரூமுக்குடா."

"அதுக்கும் நான் கூட வர்றேன் மாமா."

செய்தி பரவியது. உடம்பு முடியாதவரை ஒரு எட்டு போய்ப் பார்ப்பதுதானே முறை? ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். கூட்டத்துக்குப் பயப்படுகிற மனுஷனைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள். செய்யாற்றுக்காரர்கள் தங்கள் சம்பந்தியையும் கூட்டிவந்து, "இவரு புதுசு, இவரோட பழகினீங்கன்னா சீக்கிரம் குணமாயிடும்" என்றார்கள். பங்குனிப் பௌர்ணமிக்குக் கிரைண்டர் பக்கத்துப் பாயிலும் ஆள் படுத்திருந்தது. தனியாகப் படுத்தால் நோய் திரும்பிவிடும் என்று ஹாலில், எல்லோருக்கும் நடுவில், ஆதிமூலத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருந்தது. மொட்டைமாடி நாற்காலி கண்முன் வந்து வந்து போனது. இனி மானம் போனாலும் சரி என்று ஆதிமூலம் துணிந்தார். மறுபடி செங்கம் ரோடு, மறுபடி மாடி. உண்ணாமலையும் கூடவே வந்தாள்.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். எனக்குக் கூட்டம்னா பயமே கெடையாது."

ஆர்த்தியின் முகம் மலர்ந்தது. "இதை நீங்களா சொல்லணும்னுதான் சார் காத்துட்டு இருந்தேன்."

"அய்யோ, இப்ப இல்ல மேடம். எப்பவுமே இருந்ததில்ல."

"சரியானதுக்கப்புறம் நிறைய பேருக்கு அப்படித்தான் தோணும்." அவள் உண்ணாமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "எல்லாப் பெருமையும் உங்களுக்குத்தாம்மா."

உண்ணாமலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே வண்டி பக்கத்தில் வந்ததும் ஆதிமூலம் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இன்னாது?"

"எனக்குப் பயம் இல்லன்னு."

"தீபத்துக்குத் தேர்வடம் புடிக்க ஊரையே இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போறவருக்குக் கூட்டம்னா பயமா?"

"அப்ப அன்னிக்கே மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? என் சனம் வந்தா இவருக்குப் புடிக்கல, அதுக்குத்தான் இந்த நாடகம்னா? உங்க மானம் எனக்கு முக்கியம் இல்லயா?"

அவள் குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் ஆதிமூலத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நெஜமாவே முடியலன்னா என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாங்க."

"நீ வருத்தப்படுவ."

"மாட்டேன்."

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "பிரகாஷ்தான். இந்தாங்க. சித்ரா பௌர்ணமிக்கு யாரும் வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. சத்தியமா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆதிமூலம் மூச்சை நன்றாக இழுத்தார். மெதுவாக விட்டார்.

"மாமா" என்றான் பிரகாஷ். "சித்ரா பௌர்ணமிக்குக் கார் போதுமா, வேன் புடிச்சுக்கலாமான்னு பேசிட்டு இருக்கோம். நீங்க இன்னா சொல்றீங்க?"

ஆதிமூலம் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். பிறகு உண்ணாமலையின் முதுகைப் பார்த்தார்.

"பசங்கள வெச்சிக்கிட்டு கார்ல ஏன் மாப்ள நெருக்கிக்கிட்டு வர்றீங்க?" என்றார். "வேனே புடிச்சுக்குங்க."