பூதத்துக்கும் ஓர் இலை

மூன்று மணி நேரம் பத்து நிமிடம் மிச்சமிருந்தது. அதற்குள் பூதத்தைக் கொன்றாக வேண்டும்.

ஐந்து மணிக்கு அகிலாவைப் பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றிப்போக ஆட்டோ வரும். திருச்சி, அங்கிருந்து ஹைதராபாத். மருந்துக் கம்பெனியில் ஆய்வக வேலை. காரைக்குடியில் விஷ்வாவின் போட்டோ ஸ்டூடியோவில் இருபத்திரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் நடந்துவந்த கதைக்கு இன்று கடைசி நாள். அருவிப் படம் போட்ட திரைச்சீலைக்குப் பக்கத்தில் அவளுடைய பெட்டி தயாராக நின்றது.

விளையாட்டு எளிது. ஸ்டூடியோக்கார விஷ்வா கதையில் ஒரு புலவன். நகைப்பட்டறை ஈஸ்வரன் ஒரு வாள்வீரன். நர்ஸ் நாகவல்லி ஒரு திருடி. தாங்கள் என்ன செய்கிறோம் என்று மூவரும் வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை எவர்சில்வர் தாம்பாளத்தில் உருளும் இருபது முகப் பகடை சொல்லும். மற்ற எல்லாரும், ராஜா, ராஜாவின் குதிரைக்காரன், மோர் விற்கிறவள், பூதம் எல்லாருமே அகிலா.

பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற பெண். ஆனால் அவள் மோர் விற்றால் மூவருக்கும் தாகம் எடுக்கும்.

"மலைக்கோட்டை வாசலுக்கு வந்துட்டீங்க," என்று ஆரம்பித்தாள். "உள்ள கிணறு. கிணத்துல பூதம். வாசல்ல ஒரு காவல்காரர் நிக்கிறார்."

காவல்காரருக்கு அவள் எழுதி வைத்திருந்தது ஒரே வரி. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள். "யாரு, எங்குட்டுப் போறீக? உள்ள பூதம் கெடக்கு. பாத்துப் போங்க."

"உங்க பேரு என்னங்கய்யா?" என்றான் ஈஸ்வரன்.

அகிலா நோட்டைப் பார்த்தாள். பெயர் இல்லை. "வீரையா."

"எத்தனை வருசமா இங்க நிக்கிறீக?"

"முப்பது."

"முப்பது வருசமா! உக்கார ஒரு முக்காலி போடலையா அந்த ராஜா?" என்று கொதித்தாள் நாகவல்லி. வார்டில் நின்று நின்று கால் வீங்குகிறவள் அவள்.

முக்காலி தேடியதில் இருபது நிமிடம் போயிற்று.

"நீங்களும் எங்ககூட வாங்கய்யா," என்றான் விஷ்வா. "நாலு பேராப் போயி பூதத்தப் பாத்துக்குவம்."

இதை இங்கேயே வெட்டிவிட வேண்டும். அகிலா அவசரமாக ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "எப்புடிப்பா வர்றது? மகளுக்கு இன்னும் வரன் தகையலை. அது முடியாம நான் வாசலை விட்டு நகரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் தப்புப் புரிந்தது. காரைக்குடிக்காரர்கள் மூன்று பேரிடம் போய் வரன் தகையவில்லை என்று சொல்லலாமா?

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றாள் நாகவல்லி.

"ஜாதகம் கைல இருக்கா?" என்றான் விஷ்வா.

"நகையை நான் பாத்துக்கிறேன்," என்றான் ஈஸ்வரன்.

பகடை உருண்டது. பதினேழு, பலித்துவிட்டது. ராஜாவின் குதிரைக்காரனே மாப்பிள்ளை. இப்போது இரண்டு வீட்டுக்கும் அகிலாவே பேச வேண்டியதாயிற்று.

"பையனோட ஆத்தா நான். பாத்திரம் பண்டம் எம்புட்டு வைப்பீக?" என்று மூக்கால் கேட்டாள்.

"காவக்காரன்கிட்ட வேலும் கம்பும்தான் தாயி இருக்கு," என்று கரகரத்தாள்.

மூவரும் கை தட்டினார்கள். "நெசமாவே ஒரு வாய்தானாடி உனக்கு?" என்றாள் நாகவல்லி. அகிலாவுக்குக் கூச்சத்தில் காது சுட்டது.

மணி மூன்றரை. சீர்வரிசையில் எனாமல் சட்டி எத்தனை என்பதில் சண்டை.

"பன்னெண்டு போதும்ணே," என்றான் விஷ்வா.

"வீரையாவைக் கேவலப்படுத்தவா? இருபத்திநாலு வையி!" என்றான் ஈஸ்வரன்.

"பூதம் காத்துக்கிட்டிருக்கு," என்றாள் அகிலா, தன் சொந்தக் குரலில். அந்தக் குரல் வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை.

அவர்கள் பூதத்திடம் போகாவிட்டால் பூதத்தை அவர்களிடம் அனுப்ப வேண்டியதுதான். நாலேகாலுக்கு, தாலி கட்டிய கையோடு, பந்தலைப் பிய்த்துக்கொண்டு பூதம் வந்து நின்றது. அகிலா நாற்காலி மேல் ஏறி உறுமினாள். அருவித் திரைச்சீலை ஆடியது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. ஈஸ்வரன் நிஜமாகவே பின்னால் நகர்ந்தான்.

"வாளை எடுங்கண்ணே," என்று மேலிருந்தே கிசுகிசுத்தாள்.

ஈஸ்வரன் மற்ற இருவரையும் பார்த்தான். "கல்யாண வீட்டுக்கு வந்தவுகளை வெட்டுறதா? வாங்க பூதத்தண்ணே, பந்தியில உக்காருங்க."

"ஒரு இலை போடு!" என்றான் விஷ்வா.

"அது பூதம்!" என்றாள் அகிலா.

"பசியிலதான் உறுமுது. பாவம், கிணத்துல எத்தனை வருசம் கெடந்துச்சோ," என்றபடி நாகவல்லி பகடையை உருட்டி, நின்றதும் நிற்காததுமாகக் கையால் அள்ளிக்கொண்டாள். "இருபது!"

"ஆமா, இருபது. நான் பாத்தேன்," என்றான் விஷ்வா.

"நானும்," என்றான் ஈஸ்வரன்.

இருபது விழுந்தால் கேட்டது நடக்கும். விதியை எழுதியதே அகிலாதான். பூதம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வெள்ளைப் பணியாரம் நாற்பது தின்றது. இனிப்புக் கவுனி அரிசி இரண்டாம் தரம் கேட்டது. மணமக்களை ஆசீர்வதித்து, ஏப்பம் விட்டு, கிணற்றுக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது.

கடைசிச் சண்டைக்கென்று எழுதிய பதினான்கு பக்கங்களும் நோட்டில் அப்படியே இருந்தன. அகிலா அதை மூடினாள்.

"முடிக்க முடியலை," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க. எனக்குக் கதையைக் கொண்டுபோகத் தெரியலை. உங்களைப் பாதியில விட்டுட்டுப் போறேன்."

ஈஸ்வரன் சுத்தமாக இருந்த தாம்பாளத்தைத் துடைத்தான். விஷ்வா அருவியைப் பார்த்தான். நாகவல்லி மூக்கைச் சிந்தினாள்.

ஆட்டோக்காரர் சின்னக்கண்ணு உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினார். அகிலாவின் முகத்தைப் பார்த்ததும் அதை மறுபடி கீழே வைத்துவிட்டு மூவரையும் முறைத்தார்.

"என்னப்பா, புள்ள அழுகுது? பூதத்தைக் கொன்னுபுட்டீகளா? 'பூதம் செத்தாக் கதை முடிஞ்சிரும், கதை முடிஞ்சா அகிலா திரும்பி வராது, என்ன ஆனாலும் கொல்லக் கூடாது'ன்னு நேத்து என் ஆட்டோவுல மூணு பேரும் சத்தியம் பண்ணுனீகளே!"