பால் ஐஸ் பக்குவத்தில் ரத்தம்

எதற்கும் வாயைத் திறக்காத ஒருத்திக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தால் அவளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதைக் காட்டிக்கொள்ள எப்போது சந்தர்ப்பம் வரும் என்று அவள் உள்ளுக்குள்ளேயே காத்துக்கொண்டிருப்பாள். நானும் காத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயம், ஐஸ்.

கிருஷ்ணகிரியில் என் அப்பா பால் ஐஸ் விற்றவர். சுண்டக் காய்ச்சிய பாலைத் தகரக் குழாய்களில் ஊற்றி மூடி, பெரிய பானைக்குள் நிற்க வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றிப் போடுவார். வெறும் ஐஸின் குளிர் வேறு, உப்பு போட்ட ஐஸின் குளிர் வேறு. உப்பு போட்டால்தான் பால் கல்லாக உறையும். உப்பு போடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். (சம்பளம், குழாயின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சம்.)

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை. அவருடைய தங்கை மங்கைக்கும் கம்பெனி வேலைதான், மின்சார சுவிட்சு பூட்டுகிற லைனில். என்னைவிட ரெண்டு வயது சின்னவள், ஆனால் பத்துப் பேர் வாய் அவளுக்கு. சூப்பர்வைசரிடம் தமிழ், பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தெலுங்கு, கம்பெனி பஸ் டிரைவரிடம் கன்னடம், மெஷின் நின்றுபோனால் மெஷினிடம் இங்கிலீஷ். எனக்கு எல்லா மொழியும் புரியும். எதிலும் பேச வராது.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ஒரு கண் மங்கியது. கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்தது. அடுத்த வருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பெயரில் பாதியை நான் பஸ்ஸிலேயே தொலைத்துவிட்டேன். மங்கைதான் எனக்குப் புரிய வைத்தாள்.

"ஒயர் மேல ஒரு உறை இருக்குதில்ல அண்ணி, அந்த மாதிரி நரம்பு மேலயும் இருக்குது. என் உடம்பே அதக் கடிச்சுக் கடிச்சு எடுக்குது. அப்புறம் கரண்டு எப்படிப் போவும்?"

நோயைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அது கொஞ்ச காலம் தூங்கும், திடீரென்று விழித்துக்கொள்ளும். வெறும் காய்ச்சல் வந்தாலும் பழைய மரமரப்பு திரும்பி, விழித்துக்கொண்ட மாதிரியே வேஷம் போடும். எது நிஜம் என்று தெரிய பெங்களூரில் அந்தக் குகை மாதிரி ஸ்கேனுக்குள் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர்கள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவார்கள். ஒருமுறை அப்படி மருந்து ஏற்றி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் அது காய்ச்சலின் வேலை என்று தெரிந்தது.

"நெசமா முழிச்சிருக்குதா, இல்ல தூக்கத்துல பொரளுதான்னு சொல்ல ஒரு ஆளு இல்ல பாருங்க" என்று மங்கை பொருமுவாள்.

டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். நோய் விழித்திருந்தால் ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரியுமா, மருந்துக்குக் கேட்டால் அந்த அடையாளம் குறையுமா என்று பார்க்க, மருந்து ஏறும் முன் ஒரு குழாய் ரத்தமும் ஏறிய பிறகு ஒரு குழாயும் அவருக்கு வேண்டும். ஒளிக்காமல் சொன்னார். "இதை வெச்சு இப்போ உங்களுக்கு வைத்தியம் பண்ண முடியாதும்மா. அந்த அடையாளம் கிடைக்குமான்னே தெரியாது."

மங்கை யோசிக்கவே இல்லை. "எனக்கு ஆவலன்னா போவுது மேடம். எனக்கப்புறம் வர்றவளுக்கு ஆவட்டும்." கால் மரத்துக் கிடக்கும்போது முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றி யோசிக்கிற மனசு எனக்கு வந்திருக்குமா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. காலையில் வாசலைத் தாண்டி நடந்தவளின் இடது கால் செருப்பு பின்னாலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும், "அது லீவு போட்டிருச்சு அண்ணி" என்றாள். சொல்லும்போதே என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் சேர்த்தோம். காய்ச்சல் இல்லை. பெங்களூருக்குப் போன் போட்டார்கள். மருந்தை ஓசூரிலேயே ஏற்றலாம், அதற்கு முன் எடுத்த ரத்தத்தைச் சூடு படாமல் இன்றைக்கே அனுப்புங்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் கம்பெனி வேலையாக வெளியூரில். மிச்சம் இருந்தது நான்.

"அண்ணியா? பஸ்ல கண்டக்டர்கிட்ட சில்லறை கேக்கக் கூச்சப்பட்டுக்கினு எறங்கி வந்துடறவங்க" என்றாள் மங்கை கட்டிலில் இருந்து. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, பயந்து எறக்கி உட்டுருவாங்க. வேற எதுக்கும் வாயத் தொறக்க வேணாம். அது உங்களுக்கு ஈஸிதான்" என்றாள்.

நர்ஸ் ரத்தக் குழாயையும் வாயகன்ற பிளாஸ்கு ஒன்றையும் ஒரு துண்டுத் துணியையும் கொடுத்தாள். "கொஞ்சமா ஐஸ் போட்டு, குழாயத் துணியில சுத்தி வெச்சாப் போதும்க்கா."

ஐஸைப் பற்றி எனக்கா சொல்கிறாய் பெண்ணே!

சோடா கடையில் ஐஸ்கட்டி வாங்கி, பதமாக உடைத்தேன். பக்கத்து மளிகைக் கடையில் கல்லுப்பு. துணியை வீசி எறிந்தேன். (துணி போர்த்தினால் குளிர் எப்படி ஏறும்?) குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு, அப்பா செய்த மாதிரியே. மூடியைத் திருகியபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கல்யாணத்தன்றுகூட ஏற்பட்டதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம். மடியில் பிளாஸ்கு. பக்கத்தில் ரோஜாக் கட்டோடு மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு அம்மா. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். எல்லார் பையையும் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் மடியைப் பார்த்தார்.

"ஏனம்மா, ஒளகடெ ஏனிதே?"

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். புரிந்தது. நாக்குதான் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் முழித்த முழியில் சந்தனக் கட்டையே கடத்துகிறேன் என்று நினைத்திருப்பார். பிளாஸ்கை வாங்கித் திறந்தார். வெள்ளைப் புகை மேலே வந்தது. நடுவில், கண்ணாடிக் குழாய்க்குள், சிவப்பாக, கல் மாதிரி.

"ஓ! ஐஸ் கேண்டி!" என்று சிரித்துவிட்டார். பூக்காரம்மாவும் எட்டிப் பார்த்து, "அட, எவ்வளவு நல்லா கட்டிக்கினு இருக்குது! எந்தக் கடைல வாங்கினது?" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. ரெண்டு மாநிலத்து ஜனங்கள் என் கைப்பக்குவத்தைப் பாராட்டிவிட்டார்கள் என்று தலையைக் குனிந்து வெட்கப்பட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா மேஜையில் வைத்துத் திறந்தார். குழாயை எடுத்துச் சாய்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை. கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஓரத்தில் உருகி இறங்கியது ரத்தமாகத் தெரியவில்லை. கலர் சர்பத் மாதிரி இருந்தது.

பிளாஸ்குக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "அம்மா, உப்பு போட்டீங்களா?"

"கல்லுப்புங்க" என்றேன், இன்னும் பெருமையாகவே.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ரத்தம் குளிர்ந்தா நல்லதும்மா. உறைஞ்சா உள்ள இருக்கிற சிவப்பு அணு எல்லாம் வெடிச்சிடும். அதுல இருக்கிறதெல்லாம் வெளிய கொட்டும். நான் தேடறது ரொம்பச் சின்னது, அந்தக் குப்பையில கண்டுபிடிக்க முடியாது."

இந்நேரம் மங்கைக்கு மருந்து ஏறியிருக்கும். ஏறிய பிறகு எடுத்தால் அது வேறு ரத்தம். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தவள், முகம் தெரியாத யாருக்கோ கொடுத்ததை நான் பால் ஐஸ் போட்டு முடித்துவிட்டேன். அந்த அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் ஜன்மத்தில் முதல்முறையாகக் கூச்சமில்லாமல், எல்லாருக்கும் நடுவில் ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா ஓசூருக்குப் போன் போட்டார். பேசப் பேச முகம் மாறியது. ரிசீவரை என் காதில் வைத்தார். நர்ஸ்தான் பேசினாள்.

"இன்னும் ஏத்தலீங்க. மங்கைக்கா, 'எங்க அண்ணி தனியா போனதே இல்ல, போய்ச் சேந்தாங்கன்னு போன் வந்தாத்தான் கையக் குடுப்பேன்'னு காலைல இருந்து அடம். ஊசியக் கண்டா மரவட்டை மாதிரி சுருண்டு படுத்துக்கிறாங்க!"

டாக்டரம்மா சிரித்தார். "சில மணி நேரம் தள்ளினதால ஒண்ணும் கெட்டுப்போகல. நானே வர்றேன். உங்க கையில மறுபடி குடுக்க மாட்டேன்" என்றார். ஆஸ்பத்திரி காருக்கு டிரைவர் இல்லை என்றதும் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். அவ்வளவு படித்தவர், கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, பானையில் எத்தனை அடுக்கு போடுவீர்கள், பால் எவ்வளவு சுண்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஓசூர் வரைக்கும் பேசினேன். என் வாய் வலித்தது அன்றைக்குத்தான்.

கிளினிக் வாசலில் எங்களைப் பார்த்ததும் மங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"ரத்தத்தக் குடுத்துட்டு வாங்கன்னா டாக்டரையே கூட்டினு வந்துட்டீங்களே அண்ணி!"

டாக்டரம்மா நடந்ததைச் சொன்னார். கட்டில் ஆட ஆடச் சிரித்தாள். "என்னைய குச்சியில சொருகி வித்துட்டு வரப் பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். துணியில் சுற்றினார், என் கண்ணெதிரிலேயே. பிறகுதான் மருந்து ஏறியது. அந்தச் செருப்பு சில வாரங்களில் லீவு முடிந்து திரும்பியது.

டாக்டரம்மா தேடியது அன்றைக்குக் கிடைக்கவில்லை. "இருக்கிற மாதிரி இருக்கும்மா, கையில சிக்கல" என்று ஒருமுறை சொன்னார், சலிப்பே இல்லாமல். வேறு எங்கெங்கோ, யார் யாரோ, இவரைப் போலவே சலிக்காமல் தேடியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து இப்போது அப்படி ஒரு பரிசோதனை வந்துவிட்டது. நரம்பு அறுபட்டால் அதன் துணுக்கு ரத்தத்தில் கலக்குமாம், அதை அளக்கிறார்கள். மங்கைக்குப் புது மருந்து ஆரம்பித்த பிறகு அந்த அளவு இறங்கியிருக்கிறது. "தூங்குது அண்ணி. சத்தம் போடாதீங்க" என்றாள். ஸ்கேன் இன்னும் உண்டு. ஆனாலும் ஒரு குழாய் ரத்தம் அவ்வளவு சொல்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும், சர்க்கரைக்கானாலும் சரி, பிரசவத்துக்கானாலும் சரி, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. சம்பந்தி வீடு வரைக்கும் இது பரவிவிட்டது.

போன மாதம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த பெண் குழாயைப் பெட்டியில் வைக்கப் போனாள். சில வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் மங்கை, "கொஞ்சம் இரும்மா, எங்க அண்ணி ஒரு தரம் பாத்துடட்டும்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே துணி சுற்றி ஒழுங்காக வைத்திருந்தது.

"இதுக்கு உப்பு வேணாம்மா" என்றேன். "பாலுக்குத்தான்."