பேரம் பேசாத மனிதர்

“ஆறு மாச வாடகை அட்வான்ஸ்” என்று ராஜாராமன் சொல்லி முடிக்குமுன், வீடு பார்க்க வந்த கதிரேசன் தலையசைத்துவிட்டார்.

“சரிங்க சார்.”

ராஜாராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றில் வந்து நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் ஆறில் தொடங்கியிருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் பேரம் பேசாமல் வீடு பிடித்தவரை அவர் கண்டதில்லை. மாடிப் போர்ஷனின் வாடகை மாதந்தோறும் வந்தால்தான் வீட்டுக் கடனின் தவணையைக் கட்ட இயலும். ஆள் சரியில்லையென்றால் வீடே போய்விடும்.

உள்ளே சென்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“பேரமே பேசலையா? அப்போ ஏதோ கோளாறு” என்றாள் நாகலக்ஷ்மி. “எட்டுன்னு சொல்லுங்கோ. தானா ஓடிடுவார்.”

ராஜாராமன் கூடத்துக்குத் திரும்பித் தொண்டையைச் செருமினார். “யோசிச்சுப் பார்த்தேன். எட்டு மாசம்.”

“நியாயம்தான் சார். விலைவாசி அப்படி இருக்கு.”

மீண்டும் உள்ளே.

“நியாயம்னு சொல்றார்டீ!”

“பத்து சொல்லுங்கோ. அதுக்கும் தலையாட்டினா அவர் மனுஷரே இல்லை.”

பத்து என்றார். கதிரேசன் சற்றே சிந்தித்தார். ராஜாராமனுக்கு மூச்சு திரும்பியது.

“பன்னிரண்டா வெச்சுக்குங்களேன் சார். வருஷக் கணக்கு, சுத்தமா இருக்கும்.”

பணம் அப்போதே ராஜாராமனின் கணக்கில் வந்து விழுந்தது. செல்பேசியை உயர்த்திப் பிடித்து, அதன் திரையை அவர் கோபுர தரிசனம் செய்பவரைப் போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியும் ஒரு மனிதரா!

“பெரிய மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோமே” என்று நாகலக்ஷ்மி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாதித் தொகை, காலி செய்து போன குடித்தனக்காரரின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதில் கரைந்தது. மீதியைத் தம்முடையதென்று வைத்துக்கொள்ள ராஜாராமனின் மனச்சாட்சி இடம் தரவில்லை. மாடிக்குப் புதிய பெயின்ட், கொசுவலைக் கதவு, இறுதியில் ஓர் ஏ.சி. அத்தனையும் அந்த மகானுக்காக. கணக்கில் தம்படி மிஞ்சவில்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. முதல் மாத வாடகை வந்தால் தவணை கட்டிவிடலாம்.

குடிவந்த காலையில் பால் காய்ச்சி, முதல் டம்ளரை ராஜாராமனிடம் நீட்டினார் கதிரேசனின் மனைவி ப்ரியா. ராஜாராமன் நெகிழ்ந்துபோனார்.

“வாடகையை அஞ்சாம் தேதிக்குள்ள கொடுத்தாப் போதும்மா. ஒண்ணாம் தேதியேன்னு கட்டாயமில்லை.”

ப்ரியா சிரித்தார்.

“வாடகையா? அதை நாங்க எப்பவும் அட்வான்ஸ்லயே கழிச்சுக்குவோம் அங்கிள். மத்தவங்கல்லாம் மூணு மாசம்தான் வாங்குறாங்க, பாப்பாவுக்கு வருஷத்துல நாலு ஸ்கூல் மாறுது, உங்க நல்ல மனசால இந்த வருஷமாவது ஒரே ஸ்கூல்ல முழுசாப் படிச்சிடுவா!”