நான்காவது பேனல்

"சும்மாதானே கிடக்குது" என்று சொல்லும் மனித வகை ஒன்று உண்டு. அடையாளம் காண்பது எளிது. யாராவது எதையாவது தூக்கிப் போடப் போனால், எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நிற்பார்கள். கேட்க மாட்டார்கள், கேட்கக் கூச்சம். கொடுப்பவருக்கே சங்கடமாகி "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சொல்லும்வரை அந்தப் பொருளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூடி தொலைந்த டப்பாவையும் டப்பா தொலைந்த மூடியையும் ஒரே நாளில் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று தெரிந்த பிறகும் இரண்டையும் பத்திரப்படுத்துவார்கள்.

இவர்கள் கையில் சோலார் பேனல் கிடைத்தால்? எங்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள்.

மின்கம்பி எட்டாத வீடு எங்களுடையது. விளக்கு, விசிறி, என் தையல் மெஷினின் மோட்டார் எல்லாம் வெயிலை நம்பித்தான். முதல் பேனல் கடையில் வாங்கியது. இரண்டாவது, நாத்தனார் வீடு மாறியபோது கழற்றியது. மூன்றாவது, பழைய இரும்புக் கடை வாசலில் நான் நின்ற நிலையைப் பார்த்துக் கடைக்காரர் கொடுத்தது. நான்காவது, பக்கத்து வீட்டுக்காரர் உடைந்த தோட்ட விளக்கோடு எறிய இருந்த, தலையணை அளவுக் குட்டி.

நானே ஏறி, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் கோத்து, நான்கையும் வரிசையாக இணைத்தேன். பேனல்களின் முதுகில் எழுதியிருந்த வாட் எண்களைக் கூட்டிப் பார்த்துப் பூரித்தேன். பாதியில் பள்ளியை விட்டவள்தான். ஆனால் கூட்டலைப் படித்துவிட்டுத்தான் விட்டேன்.

அன்றிலிருந்து மெஷின் திணறியது. மேகத்தைக் குறை சொன்னேன். மேகமில்லாத நாளில் பாட்டரியைக் குறை சொன்னேன். அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள், மறுநாள் மாலைக்குள் மருத்துவமனைக்கு இருபது மேலங்கி போயாக வேண்டும். முதல் ஆர்டர், தவறினால் அடுத்தது கிடையாது. உச்சி வெயிலில், பதினோராவது அங்கியின் கை மூட்டும்போது ஊசி நின்றது.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா?" என்றார் கணவர். நான் வேண்டாம் என்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

வந்தவர் மாடியேறிப் பார்த்தார். "இந்தக் குட்டியை யாரு சேர்த்தது?"

நான் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தேன்.

"சும்மாதானே கிடந்துச்சு," என்றார் கணவர், என் குரலிலேயே.

குட்டியைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றையும் நேராகக் கோத்தார். கீழே, பாட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் கன்ட்ரோலரில் எண்பது வாட் என்றிருந்த எண் நூற்றைம்பதுக்கு ஏறியது. எடுத்தால் கூடுகிறது. இந்தக் கணக்கை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

"வரிசையா கட்டினா, கம்மியா கரண்டு விடுறவன் அளவுக்குத்தான் மத்தவனும் விட முடியும்க்கா. மூணாவதும் கொஞ்சம் இழுக்குது, இப்போதைக்கு ஓடும். ஏங்க்கா, நீங்க ஒரு சட்டைக்கு நாலு விதமா பட்டன் வைப்பீங்களா?"

கணவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளை, வெள்ளை, பழுப்பு, ஏதோ கோட்டிலிருந்து வந்த பெரிய கறுப்பு.

"நாலு இல்ல தம்பி," என்றார். "மூணு விதம்தான்."

அரை மணி நேரத்தில் மெஷின் ஓடியது. இருபது அங்கியும் சொன்ன நேரத்துக்குப் போயின, ஒரே மாதிரிப் பட்டன்களோடு. குட்டிப் பேனலை எறிந்துவிட்டேனா? வெட்டிய துணி பறக்காமலிருக்க, துணிமேல் பாரமாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் இந்த வகை இல்லை என்கிறீர்களா? நல்லது. மேசை இழுப்பறையைத் திறந்து, எந்தப் போனுக்கும் பொருந்தாத அந்தச் சார்ஜரை எறியுங்கள், பார்ப்போம். கை வரவில்லை அல்லவா? ஒருவேளை வந்தால், எறிவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன். சும்மா வந்து பக்கத்தில் நிற்பேன்.