மாவிஸ் வளர்த்த கணவாய்

“இன்னிக்கும் அந்தக் கணவாய் மீன் இந்த வீட்டுக்குள்ள நீந்தி வந்துச்சுன்னா, நான் மனுஷனே இல்லை!” என்று கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தார் டெரிக்.

ஸ்கார்பரோவில் பத்திரிகை ஒன்றில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஊரார் பிழையெல்லாம் திருத்தியவருக்குப் பெண்டாட்டி மாவிஸின் நாக்கு மட்டும் வசப்படவில்லை. பிசுபிசுத்துப் போன காரியத்தை இங்கிலீஷ்காரர்கள் ‘நமத்த வெடி’ என்பார்கள். வெடிக்கு ‘ஸ்க்விப்’ என்று பெயர். மாவிஸ் வாயில் புகுந்ததும் அது ‘ஸ்க்விட்’ ஆகிவிடும், அதாவது கணவாய்.

ஞாயிறு மத்தியானம். மாட்டிறைச்சி ரோஸ்டை ஒரு பிடி பிடித்துவிட்டு டெரிக் நாற்காலியில் சாய்ந்தார். எச்சில் தட்டுகளோடு நின்றபடி மாவிஸ் ஆரம்பித்தாள்.

“நேத்து சர்ச் விருந்து இருக்கே, சரியான நனைஞ்ச கணவாய், கண்ணு.”

டெரிக் துள்ளி எழுந்தார். “கணவாய் கடல்லதானே இருக்கு! நனையாம குடை பிடிச்சுக்கிட்டா நீந்தும்?”

“உடனே என்னை எஸ்கேப் கோட் ஆக்கிடு.”

“ஸ்கேப்கோட்! பலியாடு! எஸ்கேப் ஆயிட்டா அது என்ன பலியாடு?”

“பைபிள்ல அந்த ஆட்டைக் காட்டுக்குள்ள ஓட விட்டுட்டாங்களே. நீ படிச்சதில்லையா?”

டெரிக் கத்திக்கொண்டே அவள் பின்னால் சமையலறைக்குப் போனார். ஆத்திரத்தில், அவள் நீட்டிய தட்டை வாங்கி, வார்த்தைக்கு ஒரு தேய்ப்பு தேய்த்தார்.

“இந்த மாதிரி சண்டையெல்லாம் பின்பக்கத்துலயே கிள்ளிடணும்,” என்றாள் அவள்.

“இங்கிலீஷ்ல ரெண்டும் ‘பட்’தான், ஆனா இது மொட்டு! மொட்டுலயே கிள்ளணும்! பின்பக்கத்துல கிள்ளினா போலீஸ்தான் வரும்!”

தட்டுகள் பளபளத்தன. வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு ஹில்டா. அவள் குசுகுசுத்தது சமையலறைவரை கேட்டது.

“நெசமாவே உன் ஆளு பாத்திரம் கழுவுறானே! எப்படிடி?”

“மருந்தா, மந்திரமா? ஒரு வசனத்தைக் கோணலாச் சொல்லணும். எகிறி எழுந்திரிப்பான். கையில தட்டைக் கொடுத்துடணும். ஒருநாள் ‘நமத்த வெடி’ன்னு வாய் தவறிச் சரியாச் சொல்லிட்டேன். அன்னிக்கு அத்தனையும் நானே கழுவினேன்.”

கையில் சோப்பு நுரையோடு டெரிக் கூடத்துக்குப் பாய்ந்தார். “அப்போ இருபத்தாறு வருஷமா எல்லாம் தெரிஞ்சேதானா? இது மோசடி! அநியாயம்! துரோகம்!”

“மூணும் சரியான வார்த்தை, கண்ணு,” என்றாள் மாவிஸ். “அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ரோஸ்ட் சட்டியையும் தேய்ச்சிடு.”